சத்தமில்லாத சைக்கிள்

ரப்பர்த் தோட்டத்தின் நாலாம் டிவிசன் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், வருவது யார் என்று தெரிந்துகொள்ள யாரும் தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். காது போதும். தோட்டத்து மேனேஜர் துரையின் ஜீப் மேட்டில் ஏறும்போது இருமும். ஆபீஸ் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணியின் மோட்டார் சைக்கிள் ஒரு மைல் தள்ளியிருக்கும்போதே தன் வருகையை அறிவித்துவிடும். அதைக் கேட்டதும், மர நிரையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பிறவியிலேயே சுறுசுறுப்பானவர்களாகிவிடுவார்கள். ரொட்டிக்காரருக்கு ஒரு ஹாரன், மீன்காரருக்கு ஒரு ஹாரன். நவமணிக்கு அவளுடைய கால் இரும்பு.

சிறு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து வலது கால் சூம்பிப்போனவள் நவமணி. தொடையிலிருந்து பாதம் வரை இரண்டு கம்பிகள், கீழே கனத்த சப்பாத்து, கையில் ஒரு கட்டை. டக் என்று ஒரு சத்தம், ஓர் இழுப்பு, மறுபடியும் டக். முப்பத்து நாலு வயது வரைக்கும் அவள் யார் வீட்டு வாசலிலும் திடீரென்று போய் நின்றதே கிடையாது. அவளுக்கு முன்னால் அவளுடைய இரும்பு போய்ச் சேர்ந்துவிடும்.

கோலா சிலாங்கூரில் பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் அவளுக்கு வேலை. அதற்கு முன்னால் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் மேல் அவளுக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கொட்டகையில் அவள் 'நொண்டி ஆயா'. தையல் கடையில், "அந்தக் காலர் நவமணி தைச்சது, பிரிஞ்சு வராது" என்று வாடிக்கையாளர்களிடம் முதலாளியம்மா சொல்வாள். இந்த வித்தியாசத்துக்காக அவள் எரிகிற கொள்ளியின் மேல்கூட நடந்து போவாள், நடக்க முடிந்தால்.

நடக்க முடியாதல்லவா, அதற்கு அண்ணன் ஐயாவு இருந்தான். தோட்டத்து டிராக்டர் ஓட்டுநர். லயத்திலிருந்து பஸ் வரும் முச்சந்திக்கு நாலு மைல் செம்மண் பாதை. காலையில் தன் மோட்டார் சைக்கிளில் அவளைக் கொண்டுபோய் விடுவான், சாயந்திரம் போய் ஏற்றிக்கொண்டு வருவான். மழையானால் ஒரே ரெயின்கோட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு ஓட்டுவான். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவளுடைய இரும்புச் சத்தம் கேட்டாலே, "வந்துட்டாங்கப்பா மகாராணி, தேரை எடு" என்று சிரித்துக்கொண்டே எழுந்திருப்பான். அவனை நினைத்தால் நவமணிக்குச் சாமியை நினைப்பது மாதிரி இருக்கும்.

அண்ணி அம்சவள்ளி வேறு ரகம். மனத்தில் பட்டதை வாய் உடனே கொட்டிவிடும். குளிக்கப் போனால் இவ்வளவு நேரமா, அந்தக் கட்டையைக் கண்ட இடத்தில் சாத்தி வைக்காதே என்று காலையிலேயே ஆரம்பிக்கும். இந்த வீட்டில் தன்னைச் சுமையாக நினைக்கிறவர் ஒருவர் உண்டென்றால் அது அண்ணிதான் என்று நவமணி என்றோ முடிவு கட்டியிருந்தாள்.

அந்த வருடம், எண்பத்தாறு என்று வைத்துக்கொள்ளுங்கள், தோட்டத்தில் கித்தா மரங்களை, அதாவது ரப்பரை, சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை வைத்தார்கள். வேலை மாறியது, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நேரமும் மாறியது. இருட்டோடு இருட்டாக ஐயாவு டிராக்டரோடு பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். தங்கையை விட்டுவிட்டு வந்ததில் இரண்டு முறை தாமதமாகிவிட, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் போய்க் கிராணியிடம் ஓத, இன்னொரு முறை நடந்தால் டிராக்டர் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று கிராணி சொல்லிவிட்டார். அதனால் ஐயாவு முன்னதாகவே கொண்டுவந்து விட, நவமணி முச்சந்தியில் பூட்டிய கடை வாசலில் தனியாக இருட்டில் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருக்க ஆரம்பித்தாள். இப்படி எத்தனை நாள் ஓடும், சீக்கிரம் தானாகப் போய்வர ஒரு வழி பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் தொட்டில்தான்.

முதலில் வழி சொன்னவன் உமாபதி. தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், லயத்தின் கடைசி வீடு. கையில் வித்தை உண்டு, மறுக்கக் கூடாது. ஆனால் கைக்கு முன்னால் வாய் ஓடும். ஒரு திருகாணியை முடுக்கினாலும் கப்பலைக் கட்டிய மாதிரி பேசுவான். அவன் சொன்ன திட்டம் இது. நவமணியின் அப்பா வைத்துவிட்டுப் போன பழைய சைக்கிள் பின்கட்டில் கிடக்கிறது. துரையின் செத்துப்போன ஜீப்பிலிருந்து கழற்றிய டைனமோ ஒன்று ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது. டைனமோவைச் சுற்றினால் கரண்ட் வரும் அல்லவா, அதே டைனமோவுக்குக் கரண்ட் கொடுத்தால் அது சுற்றும். அதைச் சைக்கிளின் பின் டயரில் அழுத்தி உட்கார வைத்தால் டயரும் சுற்றும். மிதிக்க வேண்டாம். உட்கார்ந்தால் போதும்.

கரண்டுக்கு டிவி பேட்டரி. தோட்டத்து ஜெனரேட்டர் பத்து மணிக்கு மூச்சை நிறுத்திவிடும் என்பதால் லயத்தில் வீட்டுக்கு வீடு கார் பேட்டரியில்தான் டிவி ஓடியது. தீர்ந்ததும் முச்சந்திச் சீனர் கடையில் கொடுத்துச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவார்கள். அதையே சைக்கிளில் வைத்துக்கொள்ளலாம் என்றான் உமாபதி. அப்போது படம் எதில் பார்ப்பது என்று அம்சவள்ளி கேட்டாள். உமாபதி உடனே குனிந்து சைக்கிள் செயினை ஆராய ஆரம்பித்தான்.

ஒரு சனிக்கிழமை சாயந்திரம் லயமே கூடி நிற்க வெள்ளோட்டம் நடந்தது. உமாபதி தானே ஏறி உட்கார்ந்து, லோரியிலிருந்து பிடுங்கிய ஒரு சுவிட்சைத் தட்டினான். சைக்கிள் ஒரு குதி குதித்தது. அதன்பின் எழுந்த சத்தம் இருக்கிறதே, மளிகைக் கடையில் தேங்காய் துருவும் மிஷினுக்குள் யாரோ ஆணியைப் போட்டுவிட்டது மாதிரி இருந்தது. நாய்கள் குரைத்துக்கொண்டு செம்பனைக்குள் ஓடின. தொட்டிலில் கிடந்தவை எல்லாம் ஒன்றாக வீரிட்டன. ஆனாலும் ஓடியது. மிதிக்காமல், ஆள் உட்கார்ந்தபடியே ஓடியது. கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

நவமணிக்கு மட்டும் அழுகை வந்தது, சந்தோஷத்தில் அல்ல. அவள் உடம்பில் இருப்பதில் புதிதாக அவளுக்கென்று வந்தது எதுவும் கிடையாது. கால் இரும்பு, கிள்ளான் ஆஸ்பத்திரியில் யாருக்கோ செய்து சின்னதாகிவிட்டதை வளைத்து நீட்டி அவளுக்கு மாட்டியது. கட்டை, அப்பா கித்தா மரத்தில் செதுக்கியது. பாவாடைகள் எல்லாம் அண்ணியுடையவை, ஒரு பக்கம் தூக்கித் தைத்தவை. இப்போது இதுவும் செத்த ஜீப்பின் டைனமோ, செத்துப்போன அப்பாவின் சைக்கிள். போகிற இடமெல்லாம் டக் டக் என்று தண்டோரா போட்டது போதாதென்று இனி தேங்காய் மிஷின் வேறா என்று நினைத்தாள். யோசித்துச் சொல்கிறேன் அண்ணே என்று மட்டும் உமாபதியிடம் சொன்னாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வாசு வந்தான். சம்பளம் போட்ட வாரம் தோட்டம் தோட்டமாகத் தையல் மிஷினும் டிவியும் தவணைக்கு விற்க வரும் கிள்ளான் கடை ஏஜென்ட். கழுத்தில் டை, கையில் தோல் பை. இந்த முறை வேனிலிருந்து அவன் இறக்கிய சாமானைப் பார்த்ததும் லயமே கூடிவிட்டது. பெண்கள் ஓட்டுகிற தாழ்ந்த சைக்கிள் மாதிரி இருந்தது, ஆனால் நடுவில் ஒரு வெள்ளைப் பெட்டி. தைவானில் செய்தது. ஃபேக்டரியிலேயே மோட்டாரும் பேட்டரியும் வைத்துப் பூட்டி வந்தது. சீட்டில் இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. கைப்பிடியைத் திருகினால் போகும், விட்டால் நிற்கும்.

"நோ சவுண்ட், அக்கா. அதான் ஸ்பெஷல்," என்றான் வாசு. "பக்கத்துல வந்து நின்னாகூடத் தெரியாது லா."

சொன்னதோடு நிற்கவில்லை. நிரூபிக்கிறேன் என்று அதிலேறிச் செம்பனைப் பக்கம் போனான். ஓவர்டைமுக்கு வந்திருந்த மண்டோர், கூலிகளைப் புல் வெட்ட விட்டுவிட்டு சாய்க்காமல் விட்ட ஒரு கித்தா மரத்து நிழலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவர் காலடியில் போய் நின்று வாசு மணியை அடித்தான். கிராணிதான் வானத்திலிருந்து குதித்துவிட்டார் என்று நினைத்து மண்டோர் எழுந்த வேகத்தில் பக்கத்திலிருந்த அல்லூர் வாய்க்காலில் விழுந்தார். விழுந்து எழுந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. அரை மணி நேரத்தில் சேதி லயம் முழுக்கப் பரவியது. சிரித்தார்கள், சிரித்துவிட்டுக் கலங்கினார்கள். கிராணி இப்படி ஒன்றை வாங்கித் தொலைத்தால் நம் கதி என்ன என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டார்கள். உமாபதி மட்டும் அந்த வெள்ளைப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, இதைத் திறக்க வழியில்லை, கெட்டால் யார் பார்ப்பது, ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏற்ற இங்கே கரண்ட் ஏது என்று கேட்டுக்கொண்டிருந்தான். முச்சந்திக் கடையில் பகலில் ஏற்றிக்கொள்ளலாம், கடை முதலாளி தவ்கேயிடம் பேசியாயிற்று என்றான் வாசு. அவன் எல்லாவற்றுக்கும் பதிலோடுதான் வந்திருந்தான்.

ஐயாவுதான் எல்லாரையும்விட அவசரப்பட்டான். தவணைக்கு நானே ஜாமீன் போடுகிறேன், என் தங்கச்சிக்கு ஓட்டை உடைசல் எதற்கு, இதையே எடுத்துக்கொள்ளட்டும் என்று யோசிக்காமல் சொன்னான். இப்படி ஓர் அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்று நினைத்தாள் நவமணி.

வாசுவுக்குச் செகிஞ்சானில் வேறு வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள். சாயந்திரம் வரும்வரை ஓட்டிப் பாருங்கள் அக்கா, பிடித்திருந்தால் கையெழுத்து, பிடிக்காவிட்டால் நோ ஃபீலிங்ஸ் என்று சொல்லிவிட்டு வேனில் போய்விட்டான்.

மதிய மழை ஓய்ந்ததும் நவமணி கிளம்பினாள். கட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இரும்புக் காலை ஒரு பக்கம் தூக்கி வைத்து, இடது காலை ஊன்றித் தள்ளி, கைப்பிடியை மெல்லத் திருகினாள். சைக்கிள் நகர்ந்தது. தலைகால் புரியாத சந்தோஷம் என்பார்களே, அதை அவள் அன்றைக்குத்தான் கண்டாள். காற்று முகத்தில் அடித்தது. செம்பனைக்குள் ஒரு கீரிப்பிள்ளை பாதையைக் கடந்தது. அவளைப் பார்க்காமல் நின்று மூக்கைச் சொறிந்துவிட்டு அப்புறம்தான் போயிற்று. இத்தனை வருடத்தில் அவள் எந்தப் பிராணியையும் ஓடிப்போகாத நிலையில் பார்த்ததே இல்லை. முச்சந்தி வரை போய்த் திரும்பினாள். முடிவு செய்துவிட்டாள். இதுதான். கையெழுத்துப் போட்டுவிட வேண்டியதுதான்.

திரும்பி வரும்போது அவளுக்கு ஒரு குறும்பு தோன்றியது. மண்டோர் அல்லூரில் விழுந்தது மனத்தைவிட்டுப் போகவில்லை. பிறந்ததிலிருந்து தான் ஒருவரையாவது திடுக்கிட வைத்ததுண்டா? அண்ணி இந்நேரம் அடுப்படியில்தான் இருப்பாள். பின்பக்கமாகப் போய், பப்பாளி மரத்தடியில் நின்று, சட்டென்று மணியை அடித்தால் எப்படி இருக்கும்! அண்ணி கையிலிருக்கும் அகப்பை பறக்கும். நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே முன்பாதையை விட்டுக் காய்கறிப் பாத்திகளுக்கு நடுவே வந்தாள். ஈரக் களிமண்ணில் டயர் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. அதுகூடக் கேட்கவில்லை. அடுப்படிப் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில், பப்பாளி மரத்தடியில் நிறுத்தினாள். இடது காலை ஊன்றினாள். மணியின் மேல் விரலை வைத்தாள்.

உள்ளே அண்ணனின் குரல் கேட்டது. அவள் கேட்டுப் பழகாத குரல்.

"செரண்டா ஃபேக்டரில லோரி ஓட்டக் கூப்புடுறது இது மூணாவது தடவ. நீயும் தோட்டத்துல வேல செய்யுற, வீடு உன் பேருல இருக்கு, நீ இங்க இருந்துக்குவ, நான் வாராவாரம் வந்துக்குவேன். ஏன் போவல நான்? யாருக்காகப் போவல?"

அம்சவள்ளி ஏதோ சொன்னாள். மெல்லப் பேசுங்கள் என்பது மட்டும் கேட்டது.

"அப்பா போயி பதினஞ்சு வருசம், அம்சா. காலையில கண்ணு முழிக்கிறதுக்குள்ள அந்த இரும்பு டக்கு டக்குன்னு வருது பாரு, போர்வைய இழுத்துத் தலைக்கு மேல மூடிக்கிறேன். தூக்கத்துலகூடக் கேக்குது. உடனே சிரிக்கணும். மகாராணிங்கணும். அந்தச் சத்தம் இல்லாம ஒரு நாளு எந்திரிக்கணும்னு நான் ஆசப்படுறது தப்பா? அவ எதையாவது வாங்கட்டும். நான் போயிடுறேன்."

"தப்புதான்," என்றாள் அம்சவள்ளி. "நான் ஒங்க தங்கச்சிய நாளைக்கு நாலு தடவ திட்டுறேன். ஆனா ஒரு நாளும் இப்பிடி நெனச்சதில்ல. நீங்க சிரிச்சுக்கிட்டே இத்தன வருசமா மனசுல இதயா வச்சிருந்தீங்க? அது காதுல விழுந்தா அங்கேயே செத்துப்போயிரும்."

"எப்புடி விழும்? அவ வந்தா நமக்குக் கேக்காதா?"

நவமணிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. வார்த்தை எல்லாம் புரிந்தது, ஆனால் அது தன்னைப் பற்றியது என்பது உடம்புக்குள் இறங்கச் சற்று நேரம் பிடித்தது. இறங்கியதும் தூக்கிவாரிப்போட்டது. மணியின் மேலிருந்த விரலை எடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பிறகு எங்கே தவறி அடித்துவிடுமோ என்ற பயத்தில், பாம்பின் மேலிருந்து எடுப்பது போல் அதை எடுத்தாள்.

இறங்கி ஓட முடியாது. இறங்கினால் இரும்பு பேசிவிடும். இருக்கவும் முடியாது. அண்ணி கழுநீரைக் கொட்டக் கதவைத் திறந்தால் முகத்துக்கு நேரே நிற்க வேண்டி வரும். யாரைத் திடுக்கிட வைக்க வந்தோம், யார் இங்கே இடி விழுந்தவள் மாதிரி நிற்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு ஒரு பாழாய்ப்போன சிரிப்புகூட வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு கைப்பிடியை மயிரிழை அளவு திருகினாள். வாசு சொன்ன சொல் தவறவில்லை. சத்தமே இல்லை. பாத்தியை ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியே போனாள்.

பந்து விளையாடும் திடலின் ஓரத்தில் நிறுத்திவிட்டு அழுதாள். அண்ணனுக்கு அலுத்துவிட்டது என்பதில் அவளுக்குக் கோபம் இல்லை. அலுக்காதா? மனிதன்தானே. மழையில் நனைந்தது அவன் உடம்புதானே. அவளைச் சுட்டது அந்தச் சிரிப்பு. அது அவனிடம் எந்நேரமும் இருந்த சிரிப்பு இல்லை. ஒவ்வொரு முறையும் அவளுடைய இரும்பு முன்னால் போய்ச் சொல்ல, அவன் அவசர அவசரமாக எடுத்து மாட்டிக்கொண்ட சிரிப்பு. அது தெரியாமல் அதைச் சாமி மாதிரி கும்பிட்டிருக்கிறாள். வாய்க்கு வந்தபடி ஏசிய அண்ணியை இத்தனை வருடமும் தப்பாக எடைபோட்டிருக்கிறாள். தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. தான் பார்த்த முகங்களில் எத்தனை உண்மை, எத்தனை அவசரத்தில் மாட்டியது? லயம் முழுவதும் தன் சத்தம் கேட்டு முகத்தை மாற்றிக்கொண்டுதான் கதவைத் திறந்ததா? இந்தச் சைக்கிளில் ஏறினால் இனி ஒவ்வொரு வாசலிலும் அதைக் கண்டுபிடித்துக்கொண்டே வாழ வேண்டும். கும்பிட்டுக் கொடுத்தாலும் வேண்டாம் அந்த வாழ்வு என்று பட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, இந்த முறை முன்பாதை வழியாக வந்தாள். திடல் முனையிலிருந்தே மணியை அடிக்க ஆரம்பித்தாள். லயத்துப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள், நாய்கள் குரைத்தன, அவள் விடாமல் அடித்தாள். வாசலுக்கு வந்தபோது ஐயாவு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றான்.

"வந்துட்டாங்கப்பா மகாராணி," என்றான். முகம் நிறையச் சிரிப்பு. நன்றாகத்தான் மாட்டியிருந்தான். தெரியாதவர்கள் கண்டுபிடிக்க முடியாது. அவனுக்குப் பின்னால் அம்சவள்ளி, அழுத கண்ணுக்கு வெங்காயத்தின் மேல் பழி போட்டுக்கொண்டு, இவ்வளவு நேரமா, சேறெல்லாம் பாரு என்று ஏசினாள். நவமணிக்கு அந்த ஏச்சு இனித்தது.

வாசு திரும்பி வந்து பேனாவைத் திறந்தபோது, தனக்கு இது வேண்டாம் என்றாள் நவமணி. வாசு திகைத்துப்போனான். தவணையைக் குறைக்கிறேன் என்றான், கலர் மாற்றித் தருகிறேன் என்றான். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். உமாபதி அண்ணன் செய்ததை எடுத்துக்கொள்கிறேன் என்று அவள் சொன்னதும் அங்கே நின்ற அத்தனை பேரும் உமாபதியைத் திரும்பிப் பார்த்தார்கள். அதிகமாக அதிர்ந்தவன் உமாபதிதான். பெருமையடிக்கக்கூட மறந்துபோனான்.

"அந்தத் தேங்கா மிஷினா?" என்றான் ஐயாவு. அவன் சிரிப்பு கொஞ்சம் நழுவியது. "பைத்தியமா புடிச்சிருக்கு ஒனக்கு?"

"அதான் வேணும்ணே," என்றாள் நவமணி.

உமாபதி அந்த வாரம் முழுவதும் வேலை முடிந்து வந்து மாரடித்தான். பேட்டரிக்குப் பெட்டி செய்தான், குதிக்காமல் கிளம்ப வழி செய்தான், இரும்புக் காலை வைக்க ஒரு தட்டு வைத்தான். கடைசியாகச் சத்தத்தைக் குறைக்கலாம் என்று கித்தாத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, டைனமோவின் உருளைக்குச் சுற்றிவிட்டால் பாதி அடங்கிவிடும் என்றான். வேண்டாம், இருக்கட்டும் என்றாள். பிள்ளைகள் விளையாடுகிற பாதை, சத்தம் இருந்தால்தான் ஒதுங்குவார்கள் என்று காரணம் சொன்னாள். அது பொய்யும் இல்லை.

அந்த வாரம் மழை பெய்யவில்லை. பின்கட்டுக் களிமண் காய்ந்து இறுகியது. பப்பாளி மரத்தடியில் வாசுவின் சைக்கிளுடைய புது டயர் அம்பு அம்பாகப் பதித்த தடம் சுவர் வரை வந்து நின்று, பாத்தியைச் சுற்றித் திரும்பியிருந்தது. பக்கத்தில் ஆழமாக ஓர் இடது கால் செருப்புத் தடம். குளிக்கப் போகும்போதெல்லாம் நவமணி அதைப் பார்த்தாள். கட்டையால் நாலு கிளறு கிளறினால் அழிந்துவிடும். இன்றைக்கு அழிக்கலாம், நாளைக்கு அழிக்கலாம் என்று நினைத்தாள். அழிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் உமாபதி வண்டியைப் பின்கட்டுக்கே தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினான். லயம் மறுபடியும் கூடியது. அம்சவள்ளி கைப்பிடிக்கும் பேட்டரிப் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டினாள். டயருக்கு அடியில் வைக்க இரண்டு எலுமிச்சம்பழத்தை ஐயாவு கையில் கொடுத்தாள். நவமணி ஏறி உட்கார்ந்தாள். ஐயாவு குனிந்து முன் டயருக்கு ஒரு பழத்தை வைத்தான். பின் டயருக்கு வைக்க அவள் பக்கமாக நகர்ந்து வந்தபோது அவன் தலை அவள் முழங்கால் அருகில் இருந்தது. அவள் மெதுவாகச் சொன்னாள். மற்றவர்கள் காதில் விழுந்திருக்காது.

"செரண்டாவுக்குச் சரின்னு சொல்லிடுண்ணே. நான் போய்க்குவேன்."

ஐயாவு குனிந்தபடியே நின்றுவிட்டான். நிமிர்ந்தபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. மாட்டிக்கொள்ளச் சிரிப்பைத் தேடினான், அகப்படவில்லை. திரும்பி அம்சவள்ளியைப் பார்த்தான். சூடத் தட்டோடு நின்ற அவள், நான் சொல்லவில்லை என்று பதறிப்போய்த் தலையை ஆட்டினாள்.

"யாரு சொன்னா ஒனக்கு?" என்றான்.

நவமணி தரையைப் பார்த்தாள். அவன் கண்ணும் அங்கே இறங்கியது. காலடியில் அந்தத் தடம் கிடந்தது. உமாபதியின் வண்டிக்கு வழவழத்த பழைய டயர், அம்பு கிடையாது. அவன் பார்வை ஒவ்வொரு அம்பாகப் போவதை அவள் பார்த்தாள். பப்பாளி மரம் வரை போயிற்று. அடுப்படிப் பலகைச் சுவரில் முட்டி நின்றது. செருப்புத் தடத்தில் வந்து இறங்கியது. அங்கேயே நின்றது. பதினைந்து வருடத்தில் அவள் அண்ணனின் சொந்த முகத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். அது கிழடுதட்டியிருந்தது, பயந்திருந்தது. அவளுக்கு அவன் மேல் பொங்கிக்கொண்டு வந்தது பாசம்தான், வேறொன்றும் இல்லை. ஆனால் அதைச் சொல்ல ஆரம்பித்தால் இருவருமே உடைந்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

சுவிட்சைத் தட்டினாள். தேங்காய் மிஷின் அலறியது. பிள்ளைகள் கை தட்டினார்கள், நாய்கள் ஓடின. ஐயாவு ஓரடி முன்னால் வந்து ஏதோ சொன்னான். உதடு அசைந்தது, கண்ணில் நீர் கோத்திருந்தது. அந்த இரைச்சலில் ஒரு சொல்லும் அவளுக்குக் கேட்கவில்லை. அவளும் கேட்பதற்காக நிறுத்தவில்லை. முன் டயரின் கீழிருந்த எலுமிச்சம்பழம் நசுங்கியது. மற்றது அண்ணனின் கையிலேயே இருந்தது.